சபாபதியை ஈன்ற நீதிபதி

பேர்ள் துறைமுகத்தில் யப்பானியர் குண்டு வீசி ஒரு வாரமே கழிந்திருந்தது. 1941 டிசம்பர் 14ஆம் நாள், ‘சபாபதி’ என்னும் நகைச்சுவைப் படம் வெளிவந்தது. அடுத்த ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் ஊரை விட்டு ஓடினர். அச்சம் கவிந்த அந்நாட்களில் தமிழரைச் சிரிக்க வைத்த அக்கதை போருக்கெனப் பிறந்ததன்று. பம்மல் சம்பந்த முதலியார் நெடுங்காலத்துக்கு முன்பே மேடைக்கென எழுதியது அது.

முதலியார் 1873இல் பிறந்தவர். பல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் தெலுங்கு நாடகத்தைக் கண்டு உள்ளம் பறிகொடுத்து, 1891இல் நண்பர் சிலருடன் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கூத்தாடி என்பது வசைச் சொல்லாக வழங்கிய காலம் அது. வழக்கறிஞராகவும், 1924 முதல் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கிய ஒருவர் அரிதாரம் பூசுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! நாடகத்தை உரைநடையில் நடத்தியதும் சிறு துணிவன்று. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்யன் ஆயிற்று. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் கதையொன்று ‘காளப்பன் கள்ளத்தனம்’ ஆயிற்று. அவர் எழுதியவை தொண்ணூறுக்கும் மேற்பட்டவை.

‘மனோகரா’வைப் பலரும் போற்றுவர், என் உள்ளம் நாடுவது ‘சபாபதி’யையே. ஆங்கிலப் பாடம் ஏறாத செல்வர் வீட்டுப் பிள்ளையும் சபாபதி, அவன் வேலைக்காரனும் சபாபதி. எசமான் சொன்னதைச் சொன்னபடியே செய்வதால் விளைவதே வேலைக்காரனின் மடமை. ஆகவே நாம் சிரிப்பது எவரைப் பார்த்து? ஆங்கிலத் தேர்ச்சியைக் கொண்டே ஆளை நிறுத்த காலத்தை அறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. படத்தில் டி. ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அவ்விருவராயினர். ஏ. டி. கிருஷ்ணசாமியும் ஏ. வி. மெய்யப்பரும் இயக்கினர்.

அவர் சபை இலங்கைக்கும் வந்து நடித்தது. அவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கத்தின் முயற்சியால், கற்றோர் நாணாது மேடையேறும் வழக்கம் நம்மிடையேயும் வேரூன்றிற்று. ஆனால் அம்மதிப்பு நாட்டுக்கூத்தாடும் அண்ணாவியாரின் களரியை எட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1959இல் பத்மபூஷண் விருது பெற்ற முதலியார், 1964 செப்டெம்பர் 24ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டுகளிலே பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துக்களைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடுவித்துக்கொண்டிருந்தார்.