உதைபந்து வாத்தியார் றஹீம்

கண்டிப் பகுதியில் வாழும் நமக்கு விளையாட்டு என்றதும் றக்பியும் கிரிக்கெற்றுந்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் கடுகண்ணாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், பள்ளி விட்டு வந்த சிறுவர்கள் இருட்டும் வரை துரத்திக்கொண்டு ஓடுவது உதைபந்தைத்தான். சமதரை கிடைக்காத மலைநாட்டில் பந்து பள்ளத்துக்குள் உருண்டுவிட்டால் பாதி நேரம் அதைத் தேடுவதிலேயே போய்விடும். பலருடைய கால்களில் சப்பாத்தும் இராது. இவன் விளையாடி விளையாடி நாளைக்கு என்ன ஆகப்போகிறான் என்று பெற்றோர் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. அந்தக் கவலையை மனத்தில் வைத்துக்கொண்டு, ஐதராபாத்தில் வாழ்ந்த ஒரு பள்ளி ஆசிரியரின் கதையைக் கேளுங்கள்.

சையத் அப்துல் றஹீம் 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றவர். அங்கே படிக்கும்போதே பல்கலைக்கழக உதைபந்து அணியில் ஆடினார். படிப்பு முடிந்த பின்னரும் உள்ளூர்க் கழகங்களில் ஆடிவந்தார். ஆட்டக்காரராக அவர் நல்ல பெயர் எடுத்தாலும் இந்தியா முழுவதும் பேசப்பட்டவர் அல்லர். வயிற்றுப்பாட்டுக்கு அவர் தேடிக்கொண்ட தொழில் ஆசிரியத் தொழில். ஐதராபாத்தின் பல பாடசாலைகளில் படிப்பித்தார். இடையில் உடற்கல்விக்கான பயிற்சியையும் பெற்றுக்கொண்டார்.

களத்தில் ஓடுபவரிலிருந்து களத்தின் ஓரத்தில் நிற்பவராக மாறுவது பல ஆட்டக்காரருக்குக் கசப்பான காரியம். கைதட்டல் நின்றுவிடும், தோற்றால் மட்டும் பெயர் அடிபடும். றஹீமுக்கு அந்தக் கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. வகுப்பறைப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது என்றே எண்ணுகிறேன். மெதுவாகக் கற்கும் மாணவனையும் விரைவாகக் கற்கும் மாணவனையும் ஒரே வாங்கில் இருத்திப் பாடம் நடத்தியவர் அல்லவா?

1940களில் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். அப்போது அவர் நடத்திய போட்டிகள் விசித்திரமானவை. ஒரு போட்டியில் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு எதிரிகளை வெட்டி வெட்டிப் போவதற்குத் தடை. வந்த பந்தை உடனே கூட்டாளிக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால்தான் பந்தை உதைக்க வேண்டும். வலக்காலால் உதைத்துப் பழகியவன் அன்று இடக்காலை நம்பித்தான் பிழைக்க வேண்டும். சிறுவர்களுக்கு உயர எல்லை வைத்தும் போட்டிகள் நடந்தன. கூட இருந்து பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாய் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தெருப் பையன்களிலிருந்தே பிற்காலத்தில் ஒலிம்பிக் ஆட்டக்காரர் பலர் வந்தார்கள்.

1950இல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சியாளரானார். அதுவரை இந்திய உதைபந்து என்றால் கல்கத்தா என்றுதான் பேச்சு. அந்த ஆண்டிலிருந்து 1954 வரை, பம்பாயில் நடந்துவந்த றோவர்ஸ் கிண்ணத்தை இந்தப் பொலிஸ்காரர்கள் தொடர்ந்து ஐந்து முறை வென்றார்கள். இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. கோல் போட்டவர் மேவாலால்.

மறு ஆண்டே அடி விழுந்தது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியா இந்தியாவை 10-1 என நொறுக்கியது. ஆட்டக்காரரில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். நம் ஊர் வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்கால் ஒரு பலம். பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும். குளிர்ந்த, ஈரமான புற்றரையில் அதே கால் வழுக்கும். அதன்பின் இந்திய உதைபந்தாட்ட அமைப்பு சப்பாத்தைக் கட்டாயமாக்கியது. தோல்வியின் பழியைச் சப்பாத்தின் மீது போட்டுவிட்டு றஹீம் சும்மா இருக்கவில்லை. 1953இல் ஹங்கேரி அணி இங்கிலாந்தை வெம்பிளியில் 6-3 என வென்றபோது உலகமே திகைத்தது. நடு முன்னணி ஆட்டக்காரர் எதிரியின் கோலருகே நிற்காமல் பின்னே இறங்கி நின்று பந்தைப் பகிர்ந்தளித்ததே அந்த வெற்றியின் இரகசியம். அந்த முறையை ஊன்றிப் படித்துத் தம் பிள்ளைகளுக்கும் றஹீம் புகட்டினார்.

பலன் 1956இல் மெல்பேணில் தெரிந்தது. அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என இந்தியா வென்றது. பம்பாய் ஆட்டக்காரர் நெவில் டி சூசா அன்று மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தில் ஆசியர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல் தடவை. அரையிறுதியில் அதே யூகோசிலாவியா எதிரே வந்தது. முதல் கோலை இந்தியா போட்டும், முடிவில் 4-1 எனத் தோற்றது. பின்னர் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடத்தோடு நின்றது. ஆனாலும் நான்கு ஆண்டுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய நாடு அரையிறுதி வரை வந்தது சின்னக் காரியமா? 1960இல் உரோமை ஒலிம்பிக்கில் பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தார்கள். ஹங்கேரியிடமும் பெருவிடமும் தோற்று முதற் சுற்றோடு திரும்பினார்கள். அந்த அணியில் றஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார்.

இனி 1962. இந்தக் கதையில் நான் நின்று பேச விரும்பும் இடம் இதுதான்.

யக்கார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா. றஹீமுக்கு அப்போது நுரையீரலில் புற்றுநோய். அணியிலோ பல பக்கத்துப் பிள்ளைகள்: வங்காளத்துச் சுனி கோஸ்வாமி தலைவர்; பஞ்சாபின் ஜர்னெயில் சிங், கோவாவின் பிராங்கோ, ஐதராபாத்தின் யூசுப் கான். நம் தமிழ்ப் பெயர்களும் உண்டு: கோல் காப்பாளர் பீற்றர் தங்கராஜ், செக்கந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம், அருமைநாயகம், எதிராஜ். மொழியும் மதமும் வேறுபட்ட இத்தனை பேரையும் ஒருவருக்கொருவர் பந்து கொடுக்கப் பழக்கியிருந்தார் அந்த வாத்தியார்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தாய்லாந்தை 4-1 என வென்றபோது ஜர்னெயில் சிங்கின் தலை பிளந்தது. தையல் போட வேண்டியதாயிற்று. அவரில்லாமல் யப்பானை 2-0 என வென்றார்கள். அரையிறுதிக்குத் தற்காப்பு ஆட்டக்காரரான அவரைத் தையல் போட்ட தலையோடு முன்வரிசையில் நிறுத்தினார் றஹீம். கல்லூரி நாட்களில் ஜர்னெயில் முன்வரிசையில் ஆடியவர் என்பதை அவர் மறக்கவில்லை. ஜர்னெயில் ஒரு கோல் போட்டார். தென் வியட்நாம் 3-2 எனத் தோற்றது.

இதற்கிடையில் ஊரே இந்தியர்மேல் சினந்திருந்தது. இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசியா விழாவில் சேர்க்கவில்லை. ஆகவே அதை ஆசிய விழா என்று அழைக்கக் கூடாது என்று இந்திய விளையாட்டு அதிகாரி ஜி. டி. சோந்தி சொல்லிவிட்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. மறுநாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென் கொரியா. முன்னிரவில் றஹீம் தம் பிள்ளைகளை அழைத்து, நாளைக்குத் தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது அந்தத் தங்கந்தான் என்று கேட்டுக்கொண்டதாகப் பின்னாளில் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தமக்கென்று எதுவும் கேளாதவர் கேட்டதால் அன்றிரவு பலருக்குத் தூக்கம் வந்திராது.

காய்ச்சலால் அரையிறுதியில் ஆடாத தங்கராஜை மறுபடியும் கோலில் நிறுத்தினார். கொரியர் உயரப் பந்துகளை நம்பி ஆடுபவர்கள், தங்கராஜோ நெட்டையர். நோயாளியை இறக்குவது சூதாட்டம்போலத் தோன்றலாம். ஆனால் யாருடைய உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அறிந்த ஆசிரியரின் கணக்கு அது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடி இந்தியாவை எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹொக்கி அணியினர் என்பதை ஆட்டக்காரர்கள் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 17ஆம் நிமிடத்தில் பிரதீப் குமார் பனர்ஜி ஒரு கோல். 20ஆம் நிமிடத்தில் ஜர்னெயில் இன்னொன்று. கடைசி நேரத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம் வாத்தியாருக்குக் கிடைத்தது.

ஒன்பது மாதம் கழித்து, 1963 யூன் மாதத்தில், 53 வயதில் றஹீம் காலமானார். பயிற்சியாளருக்கென்று இந்திய அரசு துரோணாச்சாரியார் விருதை ஏற்படுத்தியது 1985இல்தான். 1962க்குப் பிறகு ஆசிய விழாவில் இந்தியாவுக்கு உதைபந்தில் தங்கம் கிட்டவில்லை. 1970இல் பாங்கொக்கில் வெண்கலம் வாங்கிய அணிக்குப் பயிற்சியளித்தவர்களுள் ஒருவர், யக்கார்த்தாவில் முதல் கோலைப் போட்ட அதே பனர்ஜி.