கிருபையின் ஊழியர் ரிங்கல்தௌபே

பிறந்த மண்ணைப் பிரிந்து தொலைவில் வாழும் நாம், ஆண்டுக்கொருமுறை சங்கத்தின் நிழலில் கூடும்பொழுது, நம் ஊர்களுக்கு உழைத்த பெரியோரை நினைந்து பார்த்தல் கடமையாகும். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அண்மையில், தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் காரக்கோணத்தில், டாக்டர் சாமர்வெல் பெயரால் தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவக் கல்லூரி விளங்குகின்றது. சாமர்வெல் பணியாற்றிய நெய்யூர் மருத்துவமனை இலண்டன் மிஷனைச் சேர்ந்தது. அம்மிஷனுக்குத் தென்திருவிதாங்கூரில் வித்திட்டவர் யார் என வினவின், மயிலாடியில் எளிய குடிலில் வாழ்ந்த வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே கண்முன் தோன்றுகின்றார்.

1770ஆம் ஆண்டு பிரஷ்ய ஆட்சியிலிருந்த சைலீசியாவில், லூத்தரன் போதகர் ஒருவரின் மகனாக அன்னார் பிறந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்று, 1796இல் குருப்பட்டம் பெற்றார். 1797இல் கல்கத்தா வந்து, விரைவிலேயே திரும்பிச் சென்றார். பின்னர் இலண்டன் மிஷனில் சேர்ந்து, 1804ஆம் ஆண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்றார். தஞ்சையில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம், தம் ஊருக்கு ஒரு குருவை வேண்டி நின்றார். அவ்வழைப்பை ஏற்று, 1806இல் ஆரல்வாய்மொழி வழியாக ரிங்கல்தௌபே திருவிதாங்கூருள் நுழைந்தார்.

ஈண்டு ஒரு விந்தையை நோக்குதல் வேண்டும். இவர் லூத்தரன், இவரை அனுப்பியோருட் பெரும்பாலோர் கால்வின் மரபினர். மனிதன் தன் நற்செயலால் இரட்சிப்பை ஈட்டுவதில்லை, அது தேவ கிருபையின் ஈவே என்பதில் இருசாராரும் ஒத்தனர். கடவுள் உலகத் தோற்றத்திற்கு முன்னரே சிலரைத் தம் சித்தப்படி தெரிந்துகொண்டார், ஏனையோரை விட்டுவிட்டார் என்பது 1618-19இல் டார்ட் நகரச் சங்கம் உறுதிசெய்த கால்வினியக் கொள்கை. முன்குறித்தல் மீட்புக்கே உரியது, கிறிஸ்து அனைவருக்காகவும் மரித்தார், கெடுபவன் கிருபையை மறுத்தே கெடுகின்றான் என்பது 1577ஆம் ஆண்டின் லூத்தரன் உடன்பாடு. ஜான் வெஸ்லியோ, கிருபை அனைவரையும் முன்சென்று தொடுகிறது. அதனை ஏற்கவும் மறுக்கவும் மனிதனுக்கு இயலும் என்றார். ஆயினும் இலண்டன் மிஷன், குறிப்பிட்ட சபையொழுங்கு எதனையும் எவர்மீதும் சுமத்துவதில்லை என 1796லேயே முடிவு செய்திருந்தமையால், லூத்தரன் குருவுக்கும் அங்கு இடம் கிடைத்தது.

நூல்களில் நிகழ்ந்த இவ்வழக்கு, மயிலாடியில் உயிருள்ள மாந்தர் வடிவில் ரிங்கல்தௌபேயின் வாயிலில் வந்து நின்றது. தலைவரியாலும் ஊழிய வேலையாலும் நசுக்குண்ட எளிய மக்கள் திரளாக வந்தனர். அவர்களுட் பலர் நாடியது ஆன்ம மீட்பையா, அரசின் கொடுமையினின்று விடுதலையையா என அவர் ஐயுற்றார். உலக நன்மை நாடுவோர் எனத் தோன்றியோருக்கு ஞானஸ்நானம் அளிக்க விரையாது காத்திருக்கச் செய்தார். கிருபை தகுதி நோக்காது வருவதாயின், வருவோரின் உள்ளத்தை எடைபோட மனிதருக்கு உரிமை ஏது? எடைபோடாது விட்டால், சபை பெயரளவில் நின்றுவிடாதோ? இவ்விரண்டிற்கும் இடையே அவர் உழன்றார் என்றே நாம் கருதுகின்றோம். வறுமையின் அழுகையும் ஆண்டவரை நோக்கிய அழுகையே என்று இன்று நமக்குத் தோன்றுகின்றது. எனினும் அவரைக் கடிந்துரைக்க நா எழவில்லை. ஏனெனில் பிறரிடம் கண்டிப்புக் காட்டிய அவர், தம் ஊதியத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஏழைகளுக்கு வழங்கி, நல்லாடையுமின்றி வாழ்ந்தார்.

1809இல் மயிலாடியில் ஆலயமும் பள்ளியும் எழுந்தன. அப்பள்ளியே பின்னர் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1816இல் உடல் நலிந்த நிலையில், பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துக் கடல்வழி புறப்பட்டார். கொழும்பையும் மலாக்காவையும் கடந்தபின் அவர் முடிவு எவருக்கும் தெரியவில்லை. 1907இல் மிசூரி லூத்தரன் மிஷன் நாகர்கோவிலுக்கு வந்தபின், இப்பகுதியில் இருமரபும் அண்டை அயலாய் வாழலாயின.

கல்லறையுமின்றி மறைந்தார் ரிங்கல்தௌபே. அவர் நட்ட மரமோ எல்லை கடந்து நிழல் தருகின்றது. நாமும் நம் தகுதியாற் பெறாத பேறுகளை எண்ணிப் பார்ப்போமாக! அன்னாரின் நினைவு நம் உள்ளங்களில் நின்று நிலவுக!