இசைத்தட்டில் உருவம் பொறித்தவர்

தொலைக்காட்சியை முதன்முதலில் அறிஞர் முன்னிலையில் இயக்கிக் காட்டியவர் ஜான் லோகி பெயர்டு என்பதை நம் அன்பர்கள் அறிவர். காட்சியைப் பதித்து வைக்க முனைந்தவர்களிலும் அவரே முன்னோடி என்பதை அறிந்தோர் சிலரே. ஆகவே அன்னாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோ நகரில், 1888 ஆகஸ்டு 13ஆம் நாள், பாதிரியார் ஒருவரின் மகனாகப் பெயர்டு பிறந்தார். இளமை முதலே நோய் அவரை விடவில்லை. முதல் உலகப் போரில் படையில் சேர முன்வந்தும், உடல் தகுதியின்மையால் மறுக்கப்பட்டார். காலுறை, பழப்பாகு, சோப்பு எனப் பல வாணிகங்களில் இறங்கினார். உடல்நலக் குறைவே அவற்றிற்கு இடையூறாயிற்று.

1923இல் ஹேஸ்டிங்ஸ் என்னும் கடற்கரை ஊரில் தங்கி, தொலைக்காட்சி ஆராய்ச்சியைத் தொடங்கினார். தேயிலைப் பெட்டி, தொப்பிப் பெட்டி, தையலூசி, மிதிவண்டி விளக்கின் வில்லை, அரக்கு ஆகியவையே அவர்தம் கருவிகள். 1926 ஜனவரி 26 அன்று லண்டன் சோஹோவிலுள்ள ஃபிரித் தெருவில், ராயல் இன்ஸ்டிட்யூஷன் உறுப்பினர்கள் மனித முகம் அசைவதைத் திரையில் கண்டனர்.

அவர் அனுப்பிய படத்திற்கு முப்பதே வரிகள். எனவே அதன் மின்குறிகள் காதால் கேட்கத்தக்க ஒலியின் அளவிற்குள் அடங்கின. ஒலியைப் பொறிக்கும் இசைத்தட்டில் உருவத்தையும் பொறித்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1927 செப்டம்பர் 20 அன்று ஒரு பொம்மையின் தலை தட்டில் பதிவாயிற்று. இம்முறைக்கு ஃபோனோவிஷன் என்று பெயர். ஆயினும் தட்டிலிருந்து தெளிவான படத்தை அவரால் மீட்க இயலவில்லை. அம்முயற்சி அத்துடன் நின்றது.

இன்னல்கள் தொடர்ந்தன. 1936 நவம்பர் 30 அன்று கிரிஸ்டல் பேலஸ் தீயில் அவரது ஆய்வுக்கூடம் அழிந்தது. 1937இல் பி.பி.சி. அவரது முறையைக் கைவிட்டு, 405 வரிகள் கொண்ட மார்க்கோனி-இ.எம்.ஐ. முறையை ஏற்றது. எனினும் அவர் சோர்ந்தாரல்லர். போர்க்காலத்திலும் வண்ணத் தொலைக்காட்சியை ஆராய்ந்தார். 1946 ஜூன் 14 அன்று மறைந்தார்.

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் சிகாகோவில் காந்தநாடாப் பதிவுக் கருவியைக் காட்டியது. பின்னர் 1976இல் வி.எச்.எஸ். கருவி ஜப்பானில் வெளிவந்து, நாடாப் பதிவை உலகெங்கும் இல்லங்களில் பரப்பியது. பெயர்டின் தட்டுகள் என்னவாயின? சில எஞ்சின. டொனால்ட் மக்லீன் என்னும் பொறியாளர் 1980களில் தொடங்கி, கணிப்பொறியின் துணையால் அவற்றிலிருந்து உருவங்களை மீட்டார். பெயர்டு காணாத தெளிவை அவருக்குப் பின் வந்தோர் கண்டனர்.

பதிந்ததைப் பேணியோர் இருந்தமையால் அன்றோ இது கைகூடிற்று! நம் இல்லங்களிலும் பழைய விழா நாடாக்கள் உறங்குமாயின், அவற்றை எறியாது காத்தல் நம் கடனாகும். பெயர்டின் வாழ்வினின்று நாம் கொள்ளும் பாடம் இதுவே.