பகல்ல இன்சூரன்ஸ் ஆபீஸ், ராத்திரி எழுத்து: காஃப்காவின் தூக்கம் எங்கே போச்சு?

ராத்திரி மணி 2. காலையில 8 மணிக்கு ஆபீஸ்ல இருக்கணும். லைட்டை அணைச்சாச்சு, கண்ணையும் மூடியாச்சு. மூளை மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. இது உங்களுக்குப் பழக்கமான அனுபவம்னா, நூறு வருஷத்துக்கு முன்னாடி பிராக் நகரத்தில் வாழ்ந்த ஒரு இன்சூரன்ஸ் ஊழியரின் கதையும் உங்களுக்குப் புதுசா இருக்காது. அவர் பேர் ஃபிரான்ஸ் காஃப்கா.

யார் இவர்?

1883 ஜூலை 3-ம் தேதி, ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1906-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். வேலை நேரம் ரொம்ப நீளம், எழுத நேரமே கிடைக்கல. ஒரு வருஷத்துக்குள் விலகிட்டார். 1908-ல் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். காலை 8 முதல் மதியம் 2 வரைதான் வேலை. எழுத்தாளருக்கு இதைவிட நல்ல ஷிஃப்ட் கிடைக்குமா?

அப்போ பிரச்னை எங்கே?

மீதி நேரத்தை அவர் பிரிச்ச விதத்தில்தான். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரி 7.30 வரை படுத்திருப்பார். அதிலும் பல நாள் தூக்கம் வராது. அப்புறம் உடற்பயிற்சி, நடை, குடும்பத்தோடு சாப்பாடு. 10.30, 11 மணிக்கு மேலதான் எழுத உட்காருவார். அவரோட ரூம், ஹாலுக்கும் பெற்றோர் படுக்கையறைக்கும் நடுவில் இருந்தது. சின்னச் சத்தம்கூட அவருக்கு ஆகாது. வீடு அடங்கினாத்தான் பேனா ஓடும். 1 மணி, 2 மணி, 3 மணி. அதுக்கப்புறம் படுத்தா தூக்கம் வராது. காலையில் மறுபடி ஆபீஸ்.

1912 செப்டம்பர் 22 ராத்திரி 10 மணிக்கு உட்கார்ந்தவர் காலை 6 மணிக்குத்தான் எழுந்தார். ‘தீர்ப்பு’ கதை ஒரே மூச்சில் முடிஞ்சிருந்தது. எழுதினா இப்படித்தான் எழுதணும்னு அவர் முடிவு பண்ணது அன்னிக்குத்தான். கெட்ட பழக்கத்துக்கு இவ்வளவு பெரிய பரிசு கிடைச்சா யார்தான் அதை விடுவாங்க?

அதே வருஷக் கடைசியில் எழுதினது ‘உருமாற்றம்’. அதன் நாயகன் கிரிகோர் சாம்சா பூச்சியாக மாறிக் கண் விழிக்கிறான். அப்பவும் அவன் கவலை, அலாரம் அடிச்சும் எழாம 5 மணி ரயிலை விட்டுட்டோமே என்பதுதான்!

அறிவியல் என்ன சொல்லுது?

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் இயக்குது. ஒண்ணு, வெளிச்சத்தை வைத்து ஓடும் உடல் கடிகாரம். இரண்டாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகும் தூக்கத் தேவை. மாலை வரை தூங்கினா அந்தத் தேவை கரைஞ்சிடும். நள்ளிரவு வரை விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்தா கடிகாரமும் பின்னால் தள்ளிப்போகும். தூக்கம் கெட்டா மனசு சோரும், மனசு சோர்ந்தா தூக்கம் கெடும். இது இரண்டு பக்கமும் சுத்துற சக்கரம்.

காஃப்காவுக்கு இன்ன நோய்தான்னு இவ்வளவு காலம் கழிச்சு யாரும் சீட்டு எழுத முடியாது. ஆனா தலைவலி, களைப்பு, தன்மேலேயே வெறுப்பு எல்லாம் அவரது டைரியில் தூக்கமின்மையோடு சேர்ந்தேதான் வருது. ஃபெலிஸ் பாவரோடு இரண்டு முறை நிச்சயம் செய்து, இரண்டு முறையும் முறித்தார். இத்தனைக்கும் ஆபீஸில் அவர் மதிக்கப்பட்ட அதிகாரி. பதவி உயர்வுகள் வந்தன. முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் போகாதபடி அவருக்கு விலக்கு வாங்கித் தந்ததும் அந்த அலுவலகமே. வெளியே பார்த்தவர்களுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சது.

1917: உடம்பு நிறுத்தச் சொன்னது

அந்த ஆகஸ்டில் ஒருநாள் விடியற்காலையில் ரத்தம் கக்கினார். காசநோய். வினோதம் என்னன்னா, ரத்தம் நின்றதும் ரொம்ப நாளைக்குப் பிறகு நல்லா தூங்கினார். லீவு போட்டுட்டு, தங்கை ஓட்லா இருந்த சூராவ் கிராமத்துக்குப் போனார். அங்கே கழிச்ச சுமார் எட்டு மாதங்கள் அவர் வாழ்வின் நிம்மதியான நாட்கள். அங்கேயும் எலிகள் தூங்க விடல. பூனையைத் துணைக்கு வைத்துக்கொண்டார்!

1922 ஜனவரியில் தூக்கம் மொத்தமா போய், மனசும் உடைந்துபோனது. அந்தச் சமயத்தில் தொடங்கிய நாவல்தான் ‘கோட்டை’. அதில் நாயகனுக்கு உதவக்கூடிய ஒரு அதிகாரி நடுராத்திரியில் அதிர்ஷ்டவசமா கிடைக்கிறார். வழி சொல்லித் தர்றார். கேட்க வேண்டியவனோ அசதியில் தூங்கிப்போறான்.

அதே வருஷம் ஓய்வு பெற்றார். 1924 ஜூன் 3-ல், 41 வயதுகூட ஆகாத நிலையில், வியன்னா அருகே காலமானார்.

நமக்கு என்ன?

ராத்திரி முழிச்சாத்தான் படைப்பு வரும்னு சொல்றவங்க காஃப்காவைக் காட்டுவாங்க. அந்த ஒரு செப்டம்பர் ராத்திரிக்குப் பின்னால், எதுவும் எழுதாமல் விழித்துக் கிடந்த எத்தனையோ ராத்திரிகள் இருக்கு. அவர் காலத்தில் தூக்க மருத்துவம்னு ஒரு துறையே இல்லை. இப்போ இருக்கு. வாரத்துக்கு மூணு நாளாவது தூக்கம் வராம, அது மூணு மாசம் தொடர்ந்தா மருத்துவரைப் பாருங்க. கூடவே மனசும் பாரமா இருந்தா, மூணு மாசம்கூடக் காத்திருக்க வேண்டாம்.