ஐசக் சிங்கர்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், 1811ஆம் ஆண்டு, எளிய குடும்பத்தில் தோன்றியவர் ஐசக் மெரிட் சிங்கர். இளமையிலேயே இல்லம் நீங்கிப் பொறித்தொழில் பயின்றார். நாடக மேடையிலும் நடித்தார்.

1850ஆம் ஆண்டு, பாஸ்டன் நகரத் தொழிற்கூடம் ஒன்றில், அடிக்கடி பழுதுறும் தையற்பொறிகளைக் கண்டார். அவற்றில் அடிநூலைச் சுமக்கும் ஓடம் வட்டமாகச் சுழன்றது. அதனால் நூலின் முறுக்குக் கெட்டது. குறை பொறியின் அமைப்பிலேயே உள்ளது எனத் தெளிந்தார் சிங்கர். ஓடம் முன்னும் பின்னும் நேராக ஓடவும், வளைந்த ஊசிக்கு மாறாக நேரான ஊசி மேலும் கீழும் இயங்கவும் வகை செய்தார்.

பதினொரு நாளில் புதிய பொறி உருவாயிற்று என்பர். ஆயினும் முதல் சோதனையில் தையல் இறுகவில்லை. நள்ளிரவில் மனஞ்சோர்ந்து திரும்பும் வழியில், துணியின் மேற்புறத்தில் நூல் தளர்ந்து கிடந்ததை உடன் வந்த நண்பர் குறிப்பிட்டார். ஊசிநூலின் இறுக்கத்தைச் சீர்செய்ய மறந்தமை சிங்கருக்கு அப்போதுதான் புலனாயிற்று. உடனே கூடத்திற்கு மீண்டு அதனைச் சரிசெய்தார். தையல் செவ்வையாக அமைந்தது.

1851இல் அப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், நுனியில் துளையுள்ள ஊசியும் ஓடமும் கொண்டு தைக்கும் முறைக்கு ஏலியாஸ் ஹோவே என்பார் 1846இலேயே உரிமை பெற்றிருந்தமையால், அவருக்கு உரிமைத்தொகை செலுத்த நேர்ந்தது.

சிங்கர் 1875இல் மறைந்தார். பழுதை நீக்குவோர் பலர். பழுதின் காரணத்தைக் காண்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் சிங்கர்.