உட்கார்ந்தபடி ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி வர்கீஸ்

புதுக்கோட்டைச் சீமையில் கிணறுகள் ஆழமானவை. ஆலங்குடிப் பக்கம் தென்னை மரங்கள் உயரமானவை. தை பிறந்தால் ஊர் ஊராக வாடிவாசல் திறக்கும்.

கிணற்றில் தவறி விழுவோர் உண்டு. மரத்தில் இருந்து விழுவோர் உண்டு. காளை தூக்கி எறிந்து கழுத்து முறிந்தோரும் உண்டு.

உயிர் தப்பிவிடும். ஆனால் கால் அசையாது. கழுத்தில் அடிபட்டவருக்குக் கையும் சரியாக அசையாது.

அப்படிப்பட்டவரைக் கட்டிலில் கிடத்திக் கஞ்சி ஊற்றுவார்கள். தலைவிதி என்பார்கள். சில மாதங்களில் முதுகு புண்ணாகும். பிறகு காய்ச்சல் வரும். கதை முடிந்துவிடும். ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் இதுதான் நடந்தது.

அந்த நிலையைத் தமிழ்நாட்டில் மாற்றப் பாடுபட்டவர் ஒரு பெண் டாக்டர். அவரே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தவர்!

அவர்தான் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ்.

மோட்டார் கவிழ்ந்தது

மேரி 1925-ம் ஆண்டு பிறந்தார். கொச்சியை அடுத்த செராய் சொந்த ஊர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அவர் ஏழாவது.

டாக்டருக்குப் படிக்க வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் உருவாக்கிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி அது. படித்து முடித்தார். பெண்களுக்கான மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற வேண்டும் என்பது அவர் ஆசை.

1954-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி. இளம் டாக்டர்கள் சிலர் ஒரு மோட்டார் வண்டியில் வெளியூர் புறப்பட்டார்கள். மேரியும் போனார். வழியில் வண்டி கவிழ்ந்தது.

மேரியின் முகம் கிழிந்தது. முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 28.

பல மாதங்கள் படுக்கை. ஆபரேஷன் மேல் ஆபரேஷன். கன்னத்தில் தழும்பு நிலைத்துவிட்டது. கால் திரும்பி வரவில்லை.

பாதி உடம்பு மரத்துப் போன பெண்ணுக்கு யார் வேலை தருவார்கள்? மருத்துவப் படிப்பும் வீண்தானே?

வேலூரில் டாக்டர் பால் பிராண்டு என்று ஒருவர் இருந்தார். ஆங்கிலேயர். ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்துவதில் உலகப் புகழ் பெற்றவர்.

அவர் மேரியிடம் கையைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. கை ஆபரேஷனை டாக்டர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துதான் செய்வார்கள். நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியானால் மேரி ஏன் செய்யக் கூடாது?

மேரி சக்கர நாற்காலியில் ஆபரேஷன் அறைக்குள் போனார். கத்தியைப் பிடித்தார். விரல்கள் நிமிர்ந்தன!

கண்தான் இனித் தோல்

தொழுநோயாளியின் விரல் ஏன் தேய்ந்து போகிறது? நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்றுதான் உலகம் நம்பியது. அது தவறு என்று பிராண்டு காட்டினார். உணர்ச்சி இல்லாததால் சுட்டாலும் தெரியவில்லை, குத்தினாலும் தெரியவில்லை. அந்தக் காயம்தான் விரலைக் கொண்டுபோகிறது.

மேரியின் உடம்பிலும் பாதி அப்படித்தானே? நோயாளிக்கும் டாக்டருக்கும் ஒரே பாடம். தோல் செய்த காவல் வேலையை இனிக் கண் செய்ய வேண்டும்.

நல்ல உடம்புக்காரர் தூக்கத்திலும் புரண்டு படுக்கிறார். முதுகுத்தண்டு அடிபட்டவர் புரள்வதில்லை. எலும்புக்கும் பாய்க்கும் இடையே சதை நசுங்குகிறது. அங்கே ரத்தம் ஓடாது. சதை அழுகிவிடும். அதுதான் படுக்கைப் புண்.

ஆகையால் படுத்திருப்பவரை 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். நாற்காலியில் இருப்பவர் கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி எழும்பி இறங்க வேண்டும். கையில் பலம் இல்லாதவர் முன்பக்கமோ பக்கவாட்டிலோ சாய்ந்தால் போதும். காலையும் இரவும் கண்ணாடி வைத்து முதுகுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் அது மறையும் வரை அந்தப் பக்கம் அழுத்தம் படக் கூடாது.

சூடான காபி டம்ளரை மடியில் வைக்கக் கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்!

கப்பல் ஏறினார்

மேரி ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போனார். தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் பயிற்சியை அங்கே பெற்றார். பிறகு அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்தில் படித்தார்.

இந்தத் துறை அப்போது புதிது. இரண்டாவது உலகப் போரில் முதுகில் குண்டு பாய்ந்த சிப்பாய்களுக்காக இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் 1944-ல் டாக்டர் குட்மன் ஒரு பிரிவு தொடங்கினார். அவர் கண்டது ஆச்சரியமான சேதி. முதுகுத்தண்டு முறிந்ததால் மட்டும் ஆட்கள் சாகவில்லை. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்க் கோளாறாலும்தான் பலர் செத்தார்கள். இரண்டும் தடுக்கக் கூடியவை!

மேரிக்கு வெளிநாட்டிலேயே வேலை பார்த்திருக்கலாம். சக்கர நாற்காலிக்கு வசதியான சாலைகள் அங்கே இருந்தன. அவர் வேலூருக்குத் திரும்பினார். 1963-ல் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறைக்குத் தலைவர் ஆனார். அதே ஆண்டு டோரத்தி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.

1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கியிருந்து பயிற்சி பெறும் நிலையம். இந்தியாவில் இத்தகைய நிலையம் இதுவே முதலாவது.

மாத்திரை தருவது மட்டும் அல்ல அங்கே வேலை. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது, சட்டையை எப்படிப் போடுவது, குறித்த நேரத்தில் மலசலம் கழிக்க உடம்பை எப்படிப் பழக்குவது என்பதெல்லாம் பாடம். சொல்ல வெட்கப்படும் விஷயம்தான். ஆனால் அதில்தான் உயிரே இருக்கிறது.

மடங்கிய விரலும் பிடிக்கும்

கழுத்தில் அடிபட்டவருக்கு இன்னும் சில பாடங்கள் உண்டு.

சிலருக்கு விரல் அசையாது. மணிக்கட்டு மட்டும் மேலே எழும்பும். அப்படி எழும்பும்போது விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கும். அந்த மடிப்பிலேயே காகிதத்தைப் பிடிக்கலாம், பேனாவைப் பிடிக்கலாம். இது தெரியாமல் வீட்டார் பாசத்தோடு விரலையும் மணிக்கட்டையும் ஒன்றாக நீவி நீட்டி விடுவார்கள். பிடிப்பே கெட்டுப்போகும்! உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டி கட்டி அதில் கரண்டியைச் செருகினால் சோறும் தானே சாப்பிடலாம்.

இவர்களுக்கு உடம்பில் வியர்வை சரியாக வராது. சித்திரை வெயிலில் சூடு ஏறிவிடும். நிழலும் ஈரத் துணியும் வேண்டும்.

திடீரென்று மண்டை வெடிப்பது போல வலித்து, முகம் சிவந்தால் அபாயம். உடனே தலையை உயர்த்தி உட்கார வைக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் மடங்கி இருக்கிறதா, உடை இறுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். தணியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வாசல்படியைச் சரிவாக்குவதற்கும் கணக்கு உண்டு. படி 1 அடி உயரம் என்றால் சரிவு 12 அடி நீளம். நம் தெருவில் 12 அடிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயம்தான். வீட்டின் பக்கவாட்டில் வளைத்துக் கட்டலாம்.

1972-ல் இந்திய அரசு மேரிக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1986-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் காலமானார். வயது 61. அதில் 32 ஆண்டுகள் சக்கர நாற்காலியில்.

வேலூர் நிலையத்தில் பயிற்சி பெற்று ஊர் திரும்பியவர்களை வரவழைத்துப் பின்னர் மேளா நடத்தும் வழக்கம் வந்தது. நாற்காலிகள் வரிசையாக வந்து சேரும். பழைய ஆட்கள் புது ஆட்களைப் பார்த்து விசாரிப்பார்கள். எந்த மெத்தை நல்லது, பஸ்ஸில் எப்படி ஏறுவது, பெட்டிக்கடை வைத்தால் கட்டுமா என்று பேச்சு நீளும்.