ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்!

சங்கரன்கோவிலைப் போல, திருக்குறுங்குடியும் நெல்லைச் சீமை ஊர்தான். அங்கே 1877-ல் பிறந்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

வக்கீல் தொழில் பார்த்தார். ரெயில்வேயிலும் பாங்கியிலும் வேலை செய்தார். மனமோ மோட்டாரில் நின்றது! 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார்.

பஸ் ஓடினால் போதுமா? நிற்கவும் வேண்டுமே! டிரைவர் இறங்கிய பிறகு, சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கை பிரேக். அது தேய்ந்தால் வண்டி உருளும், உயிர் போகும். அந்தக் காலத்தில் மாற்றுச் சாமான் கப்பலில்தான் வரவேண்டும். அவர் மதுரையில் சாமான் விற்பனையும் பட்டறையும் நடத்தினார்.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பஞ்சம். மரக்கரி வாயுவால் வண்டிகளை ஓட வைத்தார்.

1955-ல் மறைந்தார். 1962-ல் அவர் குடும்பத்தார் இங்கிலாந்துக் கம்பெனியுடன் சேர்ந்து 'பிரேக்ஸ் இந்தியா'வைத் தொடங்கினார்கள். சென்னை பாடியில் தொழிற்சாலை எழுந்தது. கப்பலில் வந்த பிரேக், நம் ஊரிலேயே தயாராயிற்று!